டிபியாவுக்கு வைக்கும் இன்டர்லாக்கிங் நெயில்: எங்கே பலம், எங்கே பலவீனம்

முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பான டிபியா நடுப்பகுதியில் உடைந்து, அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானால், வளர்ந்தவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டியது இன்டர்லாக்கிங் நெயில். ‘கால்ல ராடு வெச்சிருக்கு’ என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முறிவின் மேல் தோலைக் கிழிக்காமல், முழங்கால் பக்கமிருந்து எலும்பின் உள்குழிக்குள் இறங்கி, இரு முனையிலும் குறுக்கு ஸ்க்ரூ போட்டுப் பூட்டிக்கொள்கிறது. அந்த இடத்துக்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் முறிவு முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ நெருங்கிவிட்டால் அதே நெயில் அவ்வளவு பிடிப்புடன் நிற்காது. அங்கே பலன் கிடைப்பது பிராண்டைவிட அதை இறக்கும் கையைப் பொறுத்தது. ‘எந்த கம்பெனி நெயில் நல்லது?’ என்பதற்கு முன்னால் ‘முறிவு எந்த இடத்தில்?’ என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அமைப்பில் சிக்கல் ஏதும் இல்லை. உள்ளே துளையுள்ள உலோகத் தண்டு. முழங்காலின் முன்பக்கமாக நுழைந்து பிறகு நேராக இறங்க வேண்டியிருப்பதால் மேல்பகுதி மட்டும் சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். விட்டம் பொதுவாக 8 முதல் 13 மி.மீ. வரை, நீளம் சுமார் 25 முதல் 42 செ.மீ. வரை கிடைக்கும். கெர்ஹார்ட் குன்ட்ஷர் ஜெர்மனியின் கீல் நகரில் 1939-இல் தொடை எலும்பில் முதல் நெயிலை இறக்கியபோது குறுக்கு ஸ்க்ரூ கிடையாது. குழிக்குள் இறுகி நிற்பதை மட்டுமே நம்பிய அந்த நெயிலால், நொறுங்கிய எலும்பு குட்டையாவதையும் பாதம் திரும்பிக்கொள்வதையும் தடுக்க முடியவில்லை. 1970-களில் க்ளெம், ஷெல்மன் இருவரும் பூட்டும் முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நொறுங்கிய முறிவுகளும் நெயிலுக்குள் அடங்கின.

வாங்கும்போது பலரும் கேட்பது டைட்டானியமா, ஸ்டீலா என்பது. டைட்டானியக் கலவையின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய பாதி. எலும்புக்குச் சற்று நெருக்கமாக வளைந்து கொடுக்கும். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை. பின்னால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் நெயில் இருப்பதைச் சொல்லிவிட்டு, அந்த மாடலுக்கான நிபந்தனைப்படி எடுத்துக்கொள்ளலாம். இந்த வேறுபாட்டைவிட விட்டம்தான் முக்கியம். தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால், 8 மி.மீ. நெயிலோடு ஒப்பிட்டால் 10 மி.மீ. நெயில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விறைப்பானது. போதாததற்கு, பல கம்பெனிகளின் 8, 9 மி.மீ. நெயில்களில் 4 மி.மீ. ஸ்க்ரூதான் நுழையும், 10 மி.மீ. முதல்தான் 5 மி.மீ. ஸ்க்ரூ. மெல்லிய நெயிலோடு மெல்லிய ஸ்க்ரூவும் சேரும்போது, எலும்பு கூடுவதற்குள் ஸ்க்ரூ உடைவது அதிகம். குழி இடம் கொடுத்தால் 10 அல்லது அதற்கு மேல் போவதே நல்லது.

நெயிலுக்கு முன்னால்

எக்ஸ்ரேயில் டிபியா முழுவதும் தெரிய வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு என்று இரண்டு கோணம். இரண்டிலும் முழங்கால் மூட்டும் கணுக்கால் மூட்டும் விழ வேண்டும். முறிந்த இடத்தை மட்டும் எடுத்த படத்தை வைத்து நெயில் முடிவு செய்வது அரைகுறை வேலை. கீழ்மூன்றில் ஒரு பங்கில் திருகி உடைந்த எலும்பில் இது இன்னும் முக்கியம். அந்த வகை முறிவோடு கணுக்கால் மூட்டின் பின்விளிம்பிலும் விரிசல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. எக்ஸ்ரேயில் அது பலமுறை தெரியாது. சிடி ஸ்கேனில் தெரியும். தெரியாமல் நெயிலைத் தட்டி இறக்கினால், மயிரிழையாக இருந்த விரிசல் விலகி மூட்டின் பரப்பே படி விழுந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஓரிரு ஸ்க்ரூ போட்டு அதைப் பிடித்துவிட்டு, பிறகு நெயிலை இறக்கலாம். கீழ்ப்பகுதித் திருகு முறிவுக்கு அறுவைக்கு முன்பே கணுக்கால் சிடி எடுப்பது வீண்செலவு அல்ல.

எம்ஆர்ஐ இந்த முறிவுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. நெயில் போட்டு முடிந்ததும், மயக்கம் தெளிவதற்கு முன்பாகவே முழங்காலை அசைத்து ஜவ்வுகளைச் சோதிக்க வேண்டும். எலும்பு ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சோதனை நடக்காது. ஆட்டம் தெரிந்தால் அப்போது எம்ஆர்ஐ கேட்பதில் பொருள் உண்டு.

கையால் பார்க்க வேண்டியதைப் படம் காட்டாது. பாதத்தின் மேல்பக்க நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடி இரண்டையும் தொட்டுப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாயைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோகிராம் வேண்டும். கட்டைவிரலை மேலே தூக்க முடிகிறதா, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோலில் உணர்வு இருக்கிறதா என்பதையும் அறுவைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால், பாதம் தொங்கும்போது அது விபத்தால் வந்ததா, அறுவையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

முறிவின் பக்கத்தில் எவ்வளவு சின்னக் காயம் இருந்தாலும் அதைத் திறந்த முறிவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தக்குழாய் வழி ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அறுவை அரங்குக்குப் போகும்வரை காத்திருப்பது தவறு. கழுவுவதற்குச் சாதாரண சலைன் போதும். 2015-இல் வெளியான ஃப்ளோ ஆய்வில், சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு அறுவை அதிகமாகத் தேவைப்பட்டது. நீரின் வேகத்தைக் கூட்டியதால் பலன் எதுவும் தெரியவில்லை. அசுத்தம் மிக அதிகமாக இருந்தாலோ தோல் மூட முடியாத நிலையிலோ முதலில், எலும்பில் ஊசிகளைச் செருகி வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் வெளிச்சட்டம் போட்டு, காயம் சுத்தமானதும் நெயிலுக்கு மாறலாம். அந்த மாற்றம் இரண்டு வாரத்துக்குள் நடப்பது நல்லது. நாள் கூடக் கூட, சட்டத்தின் ஊசிகள் நுழைந்த துளைகளில் உள்ள கிருமி நெயிலுக்கும் போகும் ஆபத்து கூடும்.

இனி, யாரும் தவறவிடக் கூடாத ஒன்று. கெண்டைக்காலில் தசைகள் நான்கு இறுக்கமான உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. உடைந்த எலும்பின் ரத்தமும் வீக்கமும் உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் தசை மூச்சு முட்டிச் சாகும். இதுதான் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, வலி மருந்து போட்டும் ஏறிக்கொண்டே போகும் வலி, கால்விரல்களை மற்றவர் மெல்ல மடக்கும்போதோ நீட்டும்போதோ துடித்துப்போகும் வலி ஆகியவையே முதல் அடையாளங்கள். நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல் கொள்வது பெரிய தவறு. நாடி நிற்கும் முன்பே தசை செத்துவிடும். எலும்பு வெளியே தெரியும் முறிவில் அழுத்தம் தானாக வடிந்துவிடும் என்பதும் உண்மையல்ல. அளவிடும் கருவி இருந்தால், கீழ் ரத்த அழுத்தத்துக்கும் உறைக்குள் உள்ள அழுத்தத்துக்கும் இடைவெளி 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே தொடர்ந்து நின்றால் நான்கு உறைகளையும் உடனே திறக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர், தலையில் அடிபட்டவர், கால் மரத்துப்போக ஊசி போடப்பட்டவர் இவர்களால் வலியைச் சொல்ல முடியாது என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. நெயில் போட்டாகிவிட்டது என்பதால் இந்த ஆபத்து தீர்ந்துவிடாது. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் வலி ஏறினால் கட்டை முழுக்கப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க நோயாளியின் வீட்டாருக்கு உரிமை உண்டு. தயங்கக் கூடாது.

அரங்கில் எங்கே தவறுகிறது

நுழையும் புள்ளி ஒன்று தவறினால் மீதி எல்லாமே தவறும். அரங்கிலேயே எக்ஸ்ரேயைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் கருவியின் படத்தில், முன்பக்கக் காட்சியில் டிபியாவின் மேற்பரப்பிலுள்ள வெளிப்பக்க முள்ளுக்குச் சற்று உள்பக்கமாகவும், பக்கவாட்டுக் காட்சியில் மூட்டுப் பரப்பு முடியும் முன்விளிம்பிலும் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். எலும்பின் நடு உடம்பில் முறிவு இருந்தால், குழியே நெயிலை நேராக்கிவிடும்; சில மில்லிமீட்டர் பிசகு மன்னிக்கப்படும். மேல்மூன்றில் ஒரு பங்கில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே குழி அகலமானது. நெயில் சுவரைத் தொடாமல் ஆடும். முழங்கால் தசைநார் மேல்துண்டை முன்னோக்கி இழுக்கும். விளைவாக எலும்பு முன்பக்கம் கூனியும், கால் வெளிப்பக்கம் சாய்ந்தும் கூடிவிடுகிறது. இதைத் தடுக்க இரண்டு வழிகள் நல்ல பலன் தருகின்றன. ஒன்று, முழங்காலை 90 டிகிரிக்கு மேல் மடக்கி அதன் கீழிருந்து நுழைவதற்குப் பதில், 15-20 டிகிரி மட்டும் மடக்கி முழங்கால் சில்லுக்கு மேலிருந்து நுழைவது. தசைநாரின் இழுவை குறைகிறது. மற்றது, நெயில் எந்தப் பக்கம் ஓடக் கூடாதோ அந்தப் பக்கம் குழிக்குள் ஒரு தடுப்பு ஸ்க்ரூ போடுவது. மேல்முறிவில் அது நெயிலுக்கு வெளிப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வரும். போலர் ஸ்க்ரூ எனப்படும் இது, அகன்ற குழியைச் செயற்கையாகக் குறுக்கிக் கொடுக்கிறது.

எலும்பை நேராக்கிவிட்டுத்தான் உள்ளே கடைய வேண்டும். கோணலாக இருக்கும்போது கடைந்தால் பாதையே கோணலாகிவிடும். அதன்பின் எந்த நெயிலும் அந்தப் பாதையில்தான் போகும். வழிகாட்டிக் கம்பி கணுக்காலுக்கு மேலே, இரண்டு கோணத்திலும் எலும்பின் நட்டநடுவே நிற்க வேண்டும். குழியைக் கடையும் கருவியான ரீமரை 0.5 மி.மீ. படிகளாகக் கூட்டி, போடப்போகும் நெயிலைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாகக் கடைவது வழக்கம். மழுங்கிய ரீமரை அழுத்தித் தள்ளினால் குறுகிய குழியில் எலும்பு சூடேறிச் சாகும். கடையாமல் மெல்லிய நெயிலைத் தள்ளுவது எலும்பின் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்ற கருத்து ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. 2008-இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு 1,226 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. தோல் கிழியாத முறிவுகளில் கடைந்து போட்டவர்களுக்கே தொல்லை குறைவு. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஸ்க்ரூ உடைவதில் வந்தது. திறந்த முறிவில் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை.

கீழ் ஸ்க்ரூக்களுக்கு, நெயிலின் மேல்தலையில் மாட்டித் துளையின் இடத்தைக் காட்டும் கைப்பிடிச் சட்டம் பெரும்பாலும் உதவாது. நீளமான நெயில் உள்ளே போகும்போது கொஞ்சம் வளைந்துவிடும் என்பதால் சி-ஆர்மைப் பார்த்துக் கையால்தான் துளைக்க வேண்டும். திரையில் நெயிலின் துளை முட்டை வடிவில் தெரிந்தால் கோணம் சரியில்லை. வட்டமாகத் தெரியும்வரை சி-ஆர்மைத் திருப்பி, டிரில் முனையை வட்டத்தின் நடுவில் வைத்து, பிறகு டிரில்லைக் கதிரின் திசைக்கு நிமிர்த்தி ஒரே மூச்சில் துளைக்க வேண்டும். அவசரத்தில் விளிம்பில் துளைத்தால் டிரில் நெயிலின் உலோகத்தில் உரசும், ஸ்க்ரூ துளையைத் தாண்டி வெளியே போகும். பக்கவாட்டுப் படத்தில் ஸ்க்ரூ துளைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் காயத்தை மூடக் கூடாது. கணுக்காலுக்கு அருகே உள்ள முறிவில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று ஸ்க்ரூ, அதுவும் வெவ்வேறு திசையில் வேண்டும். புது வகை நெயில்களில் நுனிக்கு மிக அருகிலேயே துளைகள் இருப்பது இங்கே உண்மையான முன்னேற்றம்.

பாதம் திரும்பிக்கொள்வது சி-ஆர்மில் சுலபமாகத் தெரியாது. பூட்டுவதற்கு முன்னால், முழங்கால் சில்லை நேராக வைத்து, மற்றக் காலின் பாதத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்காக மற்றக் காலையும் கண்ணில் படும்படி துணி போர்த்த வேண்டும். பக்கவாட்டுக் கோணல் 5 டிகிரிக்குள், முன்பின் கோணல் 10-க்குள், திருகல் 10-க்குள், குட்டையாதல் 1 செ.மீ.-க்குள் இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே எக்ஸ்ரேயில் இந்த எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திருகல் மிகுதி என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு காலுக்கும் சேர்த்து சிடி எடுத்து, முதல் சில நாட்களிலேயே திருத்துவது சுலபம். எலும்பு கூடிய பிறகு திருத்துவதென்றால் மீண்டும் எலும்பை வெட்ட வேண்டியிருக்கும்.

பிளேட்டோடு ஒப்பிட்டால்

நடு எலும்புக்கு ஒப்பீடே தேவையில்லை. டிபியாவின் உள்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. அங்கே பிளேட், அதாவது எலும்பின் மேல் வைத்து ஸ்க்ரூவால் பிடிக்கும் உலோகத் தகடு, வைத்தால் காயம் ஆறுவது கடினம். கணுக்காலுக்குச் சற்று மேலே என்றால் போட்டி நெருக்கமானது. 2017-இல் வெளியான ஃபிக்ஸ்டிடி ஆய்வில் நெயில் போட்டவர்களுக்கும் லாக்கிங் பிளேட் போட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் நடமாட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முறிவு மூட்டுக்குள் பல துண்டாகப் போயிருந்தால் பிளேட்டே சரி. வீக்கம், கொப்புளம், நீரிழிவு, மெலிந்த தோல் இருந்தால் நெயில் பக்கம் சாய்வேன்.

வளரும் குழந்தைக்கு இந்த நெயில் ஆகாது. மேல்முனையில் எலும்பு வளரும் தட்டைத் துளைத்துக்கொண்டு போகும். அவர்களுக்கு அந்தத் தட்டைத் தொடாமல் பக்கத்திலிருந்து வளைத்து நுழைக்கும் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. முழங்கால் மூட்டு மாற்று செய்தவர்களுக்கும் நுழையும் வழி அடைபட்டிருப்பதால் பெரும்பாலும் வேறு வழிதான்.

பிறகு வரும் மாதங்கள்

இந்த நெயிலின் பெரிய குறை முழங்காலின் முன்பக்க வலி. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வருகிறது. மண்டியிடும்போதும் குந்தி உட்காரும்போதும் அதிகம். நெயிலின் தலை எலும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு காரணம். அதைப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் தலை சரியாக உள்ளே இருப்பவர்களுக்கும் வலி வருகிறது. முழங்காலின் முன்தோலில் மரத்துப்போவதும் உண்டு, அங்கே ஓடும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால். மண்டியிட்டு வேலை செய்பவர்களிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

நடு எலும்பில் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றால், வலி தாங்கும் அளவுக்கு முதல் வாரத்திலிருந்தே காலை ஊன்றலாம். மூட்டுக்குள் விரிசல் இருந்தால் சுமார் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை மறுநாளே தொடங்காவிட்டால் குதிகால் தூக்கிக்கொண்டு பாதம் விறைத்துவிடும். புகைபிடிப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். நெயிலின் எந்த அம்சமும் அதை ஈடுகட்டாது.

எக்ஸ்ரேயில் எலும்பின் நான்கு சுவருக்கும் தலா 1 முதல் 3 மதிப்பெண் கொடுத்து, 4 முதல் 12 வரை கணக்கிடும் ரஸ்ட் முறை எளிமையானது. ஒவ்வொரு முறையும் எண் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். தோல் கிழியாத முறிவு பொதுவாக நான்கைந்து மாதத்தில் கூடும், திறந்த முறிவு இன்னும் நாளெடுக்கும். மூன்றாம் மாதமே ‘கூடலை’ என்று அடுத்த அறுவைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஸ்பிரின்ட் ஆய்வில் ஆறு மாதம் வரை பொறுத்துப் பார்க்கும்படி விதித்திருந்தார்கள், பல முறிவுகள் அதற்குள் தானாகவே கூடிக்கொண்டன. நடுவில் ஒரு ஸ்க்ரூ உடைந்தாலும், துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி எலும்பு கூடிவிடுவதும் உண்டு. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஊன்றும்போது முறிந்த இடத்திலேயே வலித்தால் முதலில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய நெயிலை எடுத்து, மறுபடி கடைந்து, குறைந்தது 1 மி.மீ. பருமனான நெயில் போடுவது நன்கு பலன் தரும் வழி.

எலும்பு முழுதாகக் கூடிய பின் நெயிலை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தொல்லை இல்லாவிட்டால் உள்ளேயே இருக்கட்டும். எடுப்பதானால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு கழித்து எடுக்கலாம். முழங்கால் வலிக்காக எடுப்பவர்களில் எல்லோருக்கும் வலி போய்விடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். எடுக்கும் கருவியின் மரையும் அந்த நெயிலின் தலையில் உள்ள மரையும் பொருந்தினால்தான் வெளியே இழுக்க முடியும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். தலையில் மூடி போட்டிருந்தால் எலும்பு மரைக்குள் வளர்ந்து அடைக்காது. ஆகவே அறுவைக் குறிப்பில் நெயிலின் தயாரிப்பாளர், மாடல், விட்டம், நீளம், மூடி போட்டதா இல்லையா என்ற விவரமும், பெட்டியில் வரும் லேபிள் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் அன்றே பார்த்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.